வீடு திரும்பும் கப்பல்கள் எங்கே சந்திக்கும்?

கேள்வி: 'ஸ்டார் டிரெக்: வாயேஜர்' தொடரில், பால்வெளியின் மறுகோடியில் மாட்டிக்கொண்ட வாயேஜர் கலம், ஊர் திரும்பும் வழியில் தன்னைப் போலவே மாட்டிக்கொண்ட ஈக்வினாக்ஸ் என்ற கலத்தைச் சந்திக்கிறது. இவ்வளவு பெரிய வானத்தில் இது நடக்கிற காரியமா? காதில் பூச்சுற்றுகிறார்களா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: கொஞ்சம் பூ உண்டு. ஆனால் நீங்கள் கை வைத்த காதில் இல்லை.

சரக்குக் கப்பல்களின் பிரிட்ஜில் (கப்பலை ஓட்டுகிற மேல்தள அறை) இருபத்திரண்டு வருஷம் நின்றவன் நான். ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் கிளம்பினால், நாள் கணக்கில் ரேடார் திரை துடைத்த சிலேட் மாதிரி கிடக்கும். அதே இந்தியப் பெருங்கடலில், இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குக் கீழே (எங்களுக்கு அது டோண்ட்ரா ஹெட்) வந்துவிட்டால், இரவு வாட்ச் டியூட்டியில் டீ குடிக்கக்கூட நேரம் இருக்காது. நாலு பக்கமும் கப்பல் விளக்கு. மலாக்காவிலிருந்து சூயஸுக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் அந்த மூலையில்தான் திரும்பியாக வேண்டும். ஆகவே கடல் எவ்வளவு பெரியது என்று நான் கேட்க மாட்டேன். எத்தனை பேருக்கு அதே மூலை வேண்டியிருக்கிறது என்றுதான் கேட்பேன்.

1995-ல் ஆரம்பித்த அந்தத் தொடரில் 'கேர்டேக்கர்' என்ற வேற்றுலக ஆசாமிதான் இரண்டு கலங்களையும் 70,000 ஒளியாண்டு தள்ளி இழுத்துப் போட்டவன். கிளம்பிய இடம் ஒன்று, போகிற ஊரும் ஒன்று. பால்வெளியின் குறுக்களவு ஒரு லட்சம் ஒளியாண்டு என்பதை மறந்துவிடலாம். இருவருக்கும் நடுவே ஒரே ஒற்றையடிப்பாதைதான். பாதை என்றாலும் கோணல் உண்டு. திசையில் ஒரு டிகிரி பிசகினால், 10,000 ஒளியாண்டு போனபிறகு பக்கவாட்டில் 175 ஒளியாண்டு விலகியிருப்பீர்கள். எதிரி நாட்டைச் சுற்றிக்கொண்டு போனால் இன்னும் கூடும். ஆனாலும் ஒளியை மிஞ்சும் வானொலி கதையில் இருக்கிறது, ஈக்வினாக்ஸ் உதவி கேட்டு அழைக்கிறது, வாயேஜர் காதில் விழுகிறது. இதுவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

உதைப்பது நேரம். 1802 ஏப்ரல் 8-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் தென்கரையில், உலகமே மறந்த ஓர் இடத்தில் இரண்டு ஆய்வுக் கப்பல்கள் நேருக்கு நேர் வந்தன. கிழக்கே போய்க்கொண்டிருந்தவர் ஆங்கிலேயரான மேத்யூ ஃபிளிண்டர்ஸ். மேற்கே வந்தவர் பிரெஞ்சுக்காரரான நிக்கோலா போதான். போரிட்டுக்கொண்டிருந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவே ஐரோப்பாவில் மார்ச் மாதமே சமாதானம் கையெழுத்தானது இருவருக்கும் தெரியாது. ஃபிளிண்டர்ஸ் பீரங்கிகளைத் தயார் செய்துகொண்டுதான் வெள்ளைக்கொடி காட்டினார். அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் என்கவுண்டர் பே. (நம்மூர் அர்த்தத்தில் இல்லை. ஒரு குண்டும் வெடிக்கவில்லை.) இருவரும் ஒரே கரையை எதிரெதிர் முனையிலிருந்து வரைந்துகொண்டு வந்தார்கள். சந்திக்காமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

வீடு திரும்புகிறவர்கள் எதிரெதிரே வருவதில்லையே! ஒரே திசையில் போகிறார்கள். கதையின் கணக்குப்படி 70,000 ஒளியாண்டை 75 வருஷத்தில் கடப்பதென்றால் நாளுக்கு இரண்டரை ஒளியாண்டு. ஒரு வாரம் முந்திக் கிளம்பியவன் ஏறக்குறைய 18 ஒளியாண்டு முன்னால் இருப்பான். இருவர் வேகமும் ஒன்றென்றால் கடைசிவரை அங்கேயேதான் இருப்பான். பின்னால் வருகிறவன் வேகமாக வந்தால்தான் முகம் பார்க்க முடியும். ஈக்வினாக்ஸோ சின்ன ஆராய்ச்சிக் கலம், வேகமும் குறைச்சல். அவர்கள் சந்திப்பது 1999-ல் வந்த கதையில். அதற்குள் வாயேஜர், ஊழியர் ஒருத்தியின் மனோசக்தியால் ஒரு தடவை 9,500 ஒளியாண்டும், திருடிய எஞ்சின் பாகத்தால் இன்னொரு தடவை 20,000 ஒளியாண்டும் தாவியிருக்கிறது. சின்னக் கலம் எப்படி எட்டிப் பிடித்தது?

கதையே அதற்குப் பதில் வைத்திருப்பதுதான் எனக்குப் பிடித்தது. ஈக்வினாக்ஸின் கேப்டன் ரான்சம், வேறொரு வெளியைச் சேர்ந்த உயிர்களைப் பிடித்துக் கொன்று, அவற்றின் உடலை எரிபொருளாக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறார். 'நீ எப்படி இங்கே வந்து சேர்ந்தாய்?' என்று நீங்கள் கேட்கும் கேள்விக்குள்தான் அவர் செய்த குற்றமே ஒளிந்திருக்கிறது. அந்த வழியில் அவர் தேற்றிய தூரம் 10,000 ஒளியாண்டு. 29,500 கடனுக்குப் பத்தாயிரம் கட்டினால் பாக்கி என்ன ஆயிற்று? நான் சொன்ன பூ இதுதான்.

நான் எழுதியிருந்தால் இருவரையும் ஒரு நிறுத்தத்தில் சந்திக்க வைத்திருப்பேன். மதுரையிலிருந்து முன்னும் பின்னுமாகக் கிளம்பிய இரண்டு சென்னை பஸ்கள் ரோட்டில் ஒன்றையொன்று பார்க்காவிட்டாலும், விக்கிரவாண்டி பக்கம் ஒரு மோட்டலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பாய்மரக் காலத்தில் கீழை நாடுகளிலிருந்து ஐரோப்பா திரும்பும் கப்பல்களுக்கு அந்த மோட்டல், அட்லாண்டிக் நடுவிலிருக்கும் செயின்ட் ஹெலினா தீவு. நன்னம்பிக்கை முனையைத் தாண்டியதும் தென்கிழக்குக் காற்று கொண்டுபோய் அங்கே விடும். குடிதண்ணீரும் அங்கே கிடைக்கும். போகிற கப்பல்கள் பிரேசில் பக்கமாக வளைந்து போய்விடும் என்பதால் அங்கே சேர்வது பெரும்பாலும் ஊர் திரும்புகிறவர்கள். சந்திக்க முடியாதவர்களுக்கும் வழி இருந்தது. நன்னம்பிக்கை முனைப் பக்கம் டேபிள் பேயில், கப்பலின் பெயரும் தேதியும் வெட்டிய கல்லின் அடியில் கடிதங்களைப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிற கப்பல் எடுத்துக்கொண்டு போகும். எழுபத்தைந்து வருஷப் பயணத்தில் இருக்கிற ஒரு கேப்டனுக்கு, வழியில் பளிச்சென்று தெரிகிற ஒரு நட்சத்திரத்தின் அருகே இப்படி ஒரு கல்லை வைக்கத் தோன்றாதா?

கேள்வி: நிஜ விண்வெளியில் இரண்டு கலங்கள் தற்செயலாகச் சந்தித்தது உண்டா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: உண்டு. பார்த்தவுடன் இரண்டும் தூள். 2009 பிப்ரவரி 10 அன்று, சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், வேலையில் இருந்த அமெரிக்காவின் இரிடியம் 33 செயற்கைக்கோள் மீது, செத்துப்போய்ச் சுற்றிக்கொண்டிருந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251 மோதியது. வேகம் வினாடிக்கு 11 கிலோமீட்டருக்கும் மேல். கண்காணிக்கும் அளவுள்ள துண்டுகளே 2,000-த்தைத் தாண்டின. அங்கேயும் மூலைக் கணக்குதான். துருவங்களை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோள்களின் பாதைகள் வடக்கே போகப் போக நெருங்கிவிடும்.

கேள்வி: நீங்கள் நடுக்கடலில் மாட்டிக்கொண்டது உண்டா சார்?
- அதே வாசகி

பதில்: ஒரு முறை. எரிபொருள் பம்ப் கெட்டு, அரபிக்கடலில் பத்தொன்பது மணி நேரம் மிதந்தோம். பன்னிரண்டாவது மணியில் ஒரு கப்பல் தெரிந்தது. வி.எச்.எஃப். பதினாறில் (கப்பல்கள் ஒன்றையொன்று கூப்பிடும் ரேடியோ சேனல்) கூப்பிட்டேன். 'உதவி வேண்டுமா?' என்று கேட்டார்கள். 'வேண்டாம், ரிப்பேர் நடக்கிறது' என்றேன். அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கிவிட்டு, நல்ல தமிழில், 'அண்ணே, மேட்ச் என்னாச்சுன்னு தெரியுமா?' என்றது குரல்.