தாடையில கம்பி கட்டுன பையனுக்கு என்ன குடுக்குறது: ஹட்டன் தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்க எழுதுனத படிச்சதுல இருந்து மனசே சரியில்ல. திருப்பூர்ல இருந்து இலங்கையில இந்த ஹட்டனுக்கு வந்து மூணு மாசம் கூட ஆகல, அதுக்குள்ள எட்டு வயசுப் பையன் படியில வழுக்கி விழுந்து தாடை எலும்பு உடைஞ்சு, மேல் பல்லு கீழ் பல்லு சேத்து கம்பி கட்டி, மூணு வாரத்துக்கு தண்ணி ஆகாரம் மட்டும்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு, இந்த ஊர்ல துவரம்பருப்பு கூட கிலோ என்ன விலைன்னு பாத்து பயந்துட்டேன், என்ன செஞ்சு குடுக்குறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் கோயம்புத்தூர்க்காரி, வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரிக்கு மெஷின் மாட்டுற வேலைக்கு வந்தவரு, நுவரெலியாவுல பதினாறு வருஷம் ஓடிருச்சு. இதே கம்பி என் மகளுக்கும் கட்டுனாங்க, அப்ப அவளுக்கு ஆறு வயசு.

நான் பண்ண தப்ப முதல்ல சொல்லிடுறேன். தண்ணி ஆகாரம்னு சொன்னதும் நிஜமாவே தண்ணியத்தான் குடுத்தேன். வடிச்ச கஞ்சித் தண்ணி, ஹார்லிக்ஸ், தம்பிலி இளநீர், எலும்பு போட்டு கொதிக்க வெச்ச சூப்பு. வயிறு ரொம்புது, அழல, சரியாத்தான் போகுதுன்னு நினைச்சேன். ஒம்போதாம் நாள் கிளினிக்ல தராசுல நிக்க வெச்சா ரெண்டு கிலோ கிட்ட குறைஞ்சிருக்கு, அவ மொத்தமே பதினெட்டு கிலோதான். அங்க இருந்த மிஸ்ஸி (இங்க நர்ஸம்மாவ அப்படித்தான் கூப்பிடுவாங்க) என்னைய பாத்து, ஏம்மா பிள்ளைக்கு சோறே காட்டலையான்னு கேட்டாங்க. மானம் போச்சு. ஆனா அன்னிக்கு அவங்க சொன்னதுதான் எனக்கு வழி காட்டுச்சு: வீட்டுல எல்லாரும் என்ன சாப்பிடுறீங்களோ அதையே குழைய வேக வெச்சு அரைச்சு வடிகட்டி குடுங்க, தனியா நோயாளி சமையல் வேணாம்.

எட்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1500ல இருந்து 1700 கலோரி வேணும். எலும்பு சூப்புல ருசிதான் இருக்கு, சத்து அந்தக் கறியிலதான் இருக்கு, அத நாம எடுத்து வேற ஆளு தட்டுல போட்டுட்டு தண்ணிய பிள்ளைக்கு ஊத்துறோம். அதனால கோழிக்கறிய நார் நாரா பிரியுற வரைக்கும் வேக வெச்சு அந்தத் தண்ணியோடவே அரைங்க, அரைச்சத டீ வடிகட்டியில ரெண்டு தடவ வடிங்க, இல்லன்னா நாரு கம்பியில போய் மாட்டிக்கும், அத எடுக்குறது பெரிய பாடு.

துவரம்பருப்ப விட்டுருங்க. கடையில மைசூர் பருப்புன்னு கேளுங்க, ஆரஞ்சு கலர்ல சின்னதா இருக்கும், இங்க எல்லா வீட்டுலயும் அதுதான், சீக்கிரம் குழையும், பிள்ளைக்கு அரைக்க அத விட நல்ல பருப்பு கிடையாது. ஒரு கைப்பிடி அரிசி, ஒரு கைப்பிடி மைசூர் பருப்பு, ஒரு கரட், பாதி உருளைக்கிழங்கு, கொஞ்சம் லீக்ஸ், உப்பு, எல்லாத்தையும் குக்கர்லதான் வைங்க. சும்மா பாத்திரத்துல வெச்சா வேகவே வேகாது, அடுப்புல கோளாறுன்னு நினைச்சு நான் ஒரு வருஷம் திட்டிட்டு இருந்தேன். நுவரெலியா 1868 மீட்டர் உசரம், இங்க தண்ணி 94 டிகிரியிலயே கொதிச்சுரும், உங்க ஹட்டன்ல 96 கிட்ட, அதான் கீழ்நாட்டுல வேகுற நேரத்துல இங்க வேகாது. வெந்தத ஆற வெச்சு அரைங்க, சூடா மிக்சியில போட்டா மூடி பறந்துரும். அரைக்கும்போது தண்ணி ஊத்தாம பால் ஊத்துங்க, இல்ல தேங்காப்பால், முதல் பால். கடைசியில ஒரு ஸ்பூன் நெய்யோ பட்டரோ, ஒரு ஸ்பூன் நெய்யில 40 கலோரிக்கு மேல இருக்கு, பிள்ளைக்கு குடிக்கிற அளவு கூடாம சத்து மட்டும் கூடும். பசும்பால் ஒரு டம்ளர்ல ரெண்டு ஸ்பூன் பால்மா (பால் பவுடர்தான்) கலக்குறதும் அதே வேலைதான், பால்மா இங்க எந்தப் பெட்டிக்கடையிலயும் கிடைக்கும்.

காலைல ராகிக்கூழ், ஆனா ராகின்னு கேட்டா கடைக்காரர் முழிப்பாரு, குரக்கன் மான்னு கேளுங்க. சமபோஷான்னு ஒரு மாவு பாக்கெட்டு இருக்கு, அதையும் பால்ல தண்ணியா கரைச்சு வடிச்சுக் குடுக்கலாம். திரிபோஷா வேற, அது சோளம் சோயா சேந்த மாவு, கர்ப்பிணிகளுக்கும் எடை குறைஞ்ச சின்னப் பிள்ளைகளுக்கும் கிளினிக்ல இலவசமா குடுக்குறது, கடையில தேடாதீங்க. நடுவுல பசிச்சா அவகாடோ, சிங்களத்துல அலிபேர, பால் சீனி போட்டு அரைச்சா என் பொண்ணு வேற எதுவும் கேக்க மாட்டா. எருமைத் தயிரும் நல்லா கெட்டியா இருக்கும், கித்துள் பாணி (கித்துள்னு ஒரு பனை மரத்துப் பாகு) ஊத்தி மோராட்டம் அடிச்சுக் குடுங்க. கொலகெந்தன்னு பச்சை இலைக்கஞ்சி ஒண்ணு, வல்லாரை மாதிரி இலை அரைச்ச சாறுல வைக்கிறது, அதையும் முயற்சி பண்ணலாம், என் மக பச்சையா இருக்குன்னு மூஞ்சிய திருப்பிட்டா, கித்துள் கருப்பட்டி கடிச்சுக் குடிக்கிற கஞ்சி அது, வாயில கம்பி இருக்கையில அந்த சந்தோஷமும் இல்ல பாருங்க.

முட்டை. பக்கத்து வீட்டுப் பாட்டி யாராவது வந்து பச்சை முட்டை அடிச்ச கோப்பி (காபிதான்) குடு, ஒடம்பு தேறும்னு கண்டிப்பா சொல்லுவாங்க. வேணாம், பச்சை முட்டையில சால்மொனெல்லா கிருமி வரும், இந்த நேரத்துல வாந்தி பேதி ஆனா தாங்க முடியாது. பால்ல முட்டைய அடிச்சு சின்னத் தீயில கரண்டியில ஒட்டுற பதம் வரைக்கும் கிண்டி கஸ்டர்டா குடுங்க. அப்புறம் பிளேன்டி, பால் ஊத்தாத டீ. இந்த ஊர்ல கைக்குழந்தைக்குக் கூட சாயத்தண்ணி குடுப்பாங்க, தேயிலை நாடு, நாம என்ன சொல்ல. ஆனா அது சாப்பாடு இல்ல, சாப்பாட்டோட குடிச்சா இரும்புச்சத்தயும் ஒடம்புல சேர விடாது.

குடுக்குற விதம்தான் முக்கியம். ஒரே மூச்சுல டம்ளர் நிறைய குடிக்க முடியாது, ஒரு தடவைக்கு 200 மில்லி, ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவ. பையன நிமிந்து உக்கார வெச்சு, ஆஸ்பத்திரியில குடுத்த சிரிஞ்சு நுனிய கன்னத்துப் பக்கமா கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால இருக்குற சந்துல வெச்சு மெதுவா விடுங்க, அவன் முழுங்குனப்புறம் அடுத்தது. படுக்க வெச்சு ஊத்தவே கூடாது. ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான உப்புத்தண்ணியில வாய கொப்பளிக்க வைங்க, குழந்தைங்க பிரஷால வெளிப்பக்கம் தேய்ங்க, பால் ஒட்டி நாறிடும். கம்பி வெட்டுற கட்டர் வீட்டுல வெச்சுக்கணுமான்னு, எந்தக் கம்பிய வெட்டணும்னு டாக்டர்கிட்ட நேர்ல காட்டச் சொல்லிக் கேளுங்க. வாந்தி வந்தா தலைய முன்னால குனிய வெச்சு வெளிய வர விடுங்க. மூச்சு திணறுச்சுன்னா டாக்டர் காட்டுன மாதிரி கம்பிய வெட்டிட்டு 1990க்கு அடிங்க, சுவசெரிய ஆம்புலன்ஸ், காசு கிடையாது. பேதி ஆனா ஃபார்மசியில ஜீவனின்னு கேளுங்க, நம்ம ஊரு ஓஆர்எஸ்தான், ஒரு பாக்கெட்டு ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணிக்கு, அரை லிட்டர்ல கலக்காதீங்க.

வடிகட்டி வடிகட்டிக் குடுக்குறதால வெளிக்கு இறுகும், பப்பாசிய பால்ல அரைச்சு தினமும் ஒரு டம்ளர் விடுங்க. இந்த பனியில தயிரு, பழம்லாம் சளி பிடிக்கும்னு அக்கம்பக்கம் பயமுறுத்தும், ஃபிரிஜ்ஜுல இருந்து எடுத்து குளிர் போனப்புறம் குடுத்ததுல என் பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல. வாரத்துக்கு ஒரு தடவ எடை பாருங்க, ஒண்ணுக்கு அடர் மஞ்சளா போனா தண்ணி பத்தலன்னு அர்த்தம்.

ஆங், ஊர்ல இருந்து மிக்சி கொண்டு வந்திருந்தீங்கன்னா தாராளமா போடலாம், இங்கயும் அதே 230 வோல்ட்டுதான். புது வீடா இருந்தா மூணு சதுரக் கட்டை பின் பிளக்கா இருக்கும், ஹட்டன் டவுன்ல ஹார்ட்வேர் கடையில நல்ல அடாப்டரா பாத்து வாங்குங்க, மலிவா வாங்குனது எனக்கு ஒரு தடவ கோழிக்கறி அரைக்கையிலயே உருகிருச்சு.