வீட்டிலேயே செய்த டியூப் கிட்டார் ஆம்பில் சேனல் மாற்றும்போது 'டப்' என்று சத்தம் வருகிறது, ரிலேயை மாற்றியும் போகவில்லை. என்ன செய்யலாம்?

ரிலேயை இன்னொரு தடவை மாற்றாதீர்கள். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் ஆம்ப் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: முன்னால் இரண்டோ மூன்றோ 12ஏஎக்ஸ்7 டியூப் (வால்வு என்பதும் இதைத்தான்), இரண்டு சேனல், ஃபுட் ஸ்விட்சை மிதித்தால் ஒரு சின்ன ரிலே, அதாவது கரண்ட்டால் இயங்கும் ஸ்விட்ச், கிளீனிலிருந்து (சுத்தமான ஒலி) டிரைவுக்கு (கரகரப்பான ஒலி) மாற்றிவிடும். விசாரித்த இடத்திலெல்லாம் "காயிலுக்குக் குறுக்கே டயோடு போடு" என்றிருப்பார்கள். போட வேண்டியதுதான் (காயில் என்பது ரிலேயை இழுக்கும் கம்பிச்சுருள், டயோடு கரண்ட்டை ஒரே திசையில் விடுவது). ஒரு 1என்4007, பட்டை உள்ள முனை பிளஸ் பக்கம். காயில் அணையும்போது எகிறும் வோல்டேஜை அது அடக்கிவிடும். ஆனால் அந்த எகிறலால் வருவது பெரும்பாலும் மெல்லிய 'டிக்'. ஸ்பீக்கர் கோன் முன்னால் வந்து போகிற அளவுக்கு 'டப்' என்றால், ரிலேயின் முனைகளில் எங்கோ டிசி வோல்டேஜ் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை, மெக்கானிக்கல் டிப்ளமா. படித்தவர்கள் கமென்ட்டில் சண்டைக்கு வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன்: கீழே இருப்பது என் ஆம்பில் மீட்டர் வைத்துப் பார்த்தது.

என்னுடையது ஈஎல்84 என்ற பவர் டியூப் ஜோடி போட்டது. சாமான்கள் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. வீட்டில் வாசித்தபோது அந்த 'டப்' பெரிதாகத் தெரியவில்லை. ஒரு கல்யாண வரவேற்பில் மைக் வைத்து வாசித்தபோது மண்டபமே திரும்பிப் பார்த்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் மேடைக்கே வந்து, "உங்க பொட்டியால என் ட்வீட்டர் போயிடும் சார், லைன் குடுங்க" என்றார். மைக் இல்லாமல் ஆம்பிலிருந்து நேராக ஒயர் கொடுக்கச் சொல்கிறார். கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், இருந்தாலும் சவுண்ட் சர்வீஸ்காரர்களைக் கேட்டுவிடுகிறேன். தவிலுக்கு மைக் வைக்கிறீர்கள், டிரம்ஸுக்கு நாலைந்து மைக் வைக்கிறீர்கள், கிட்டார் ஆம்ப் முன்னால் ஒரு மைக் வைக்க மட்டும் ஏன் இவ்வளவு சலிப்பு? கிட்டார் ஆம்பின் ஒலியில் பாதி அதன் ஸ்பீக்கரில் இருக்கிறது. லைன் எடுத்து நேராக மிக்ஸரில் சொருகினால் டிரைவ் சேனல் கொசு கத்துகிற மாதிரித்தான் கேட்கும். அப்புறம் "கிட்டார் சரியில்லை" என்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றைக் கவனித்தேன். கொஞ்ச நேரம் விட்டு மிதித்தால் சத்தம் பெரிதாக வந்தது. உடனே உடனே மாற்றி மாற்றி மிதித்தால் ஒன்றுமே இல்லை. ஒரு நிமிடம் காத்திருந்தால் மறுபடி பெரிய 'டப்'. உங்களுக்கும் இப்படி என்றால் பாதி வேலை முடிந்தது. ரிலே பழுதென்றால் இப்படி நேரம் பார்த்துச் சத்தம் போடாது. ஏதோ ஒன்று மெதுவாகச் சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கிறது.

எது என்று பார்க்க ரிலே முனைக்கும் கிரவுண்டுக்கும் (பூஜ்ய வோல்ட் இடம்) நடுவில் மல்டிமீட்டரை வைத்தேன். வைத்தவுடன் சத்தம் போய்விட்டது! எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மிதித்தால் திரும்ப வந்தது. சாதாரண டிஜிட்டல் மீட்டருக்கு உள்ளே பத்து மெகா ஓம் இருக்கும். அதாவது மீட்டரே ஒரு ரெசிஸ்டராக நின்று வைத்தியம் பார்த்திருக்கிறது.

நடப்பது இதுதான். வால்வின் பிளேட்டில் (சிக்னல் வெளியே வரும் முனை) 150, 200 வோல்ட் நிற்கும். அதைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடுவது கப்ளிங் கெப்பாசிட்டர். ரிலே திறந்திருக்கும்போது அதன் மறுமுனை எதிலும் சேராமல் தொங்குகிறது. நல்ல கெப்பாசிட்டரிலும் துளியூண்டு கசிவு உண்டு, அதனால் தொங்கும் முனை மெல்ல மெல்லச் சில வோல்ட் ஏறிவிடும். ரிலே மூடியதும் அத்தனையும் அடுத்த வால்வின் கிரிட்டில் (சிக்னல் உள்ளே போகும் முனை) போய் இறங்கும்.

ரிலேயின் எந்த முனையும் அந்தரத்தில் நிற்கக் கூடாது. தொங்குகிற ஒவ்வொரு முனையிலிருந்தும் கிரவுண்டுக்கு 2.2 மெகா ஓம் போடுங்கள். அடுத்த வால்வின் கிரிட்டுக்கும் ரிலேயைத் தாண்டி அதற்கென்று ஒரு 1 மெகா இருக்கட்டும், மாறுகிற அந்த நொடியில் அது அநாதையாக நிற்காது. "டோன் போய்விடும்" என்று ஒருவர் நிச்சயம் வருவார். பின்னால் 1 மெகா வால்யூம் கண்ட்ரோல் இருக்கிற இடத்தில் 2.2 மெகா சேர்த்தால் கால் டெசிபல் கூடக் குறையாது.

ரெசிஸ்டர் போட்ட பிறகும் அந்த முனையில் ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் நின்றால் கெப்பாசிட்டரே கெட்டது. வால்யூமைத் திருகும்போது கரகரவென்று கேட்டால் அதுவும் அதற்கான அறிகுறி.

டிரைவுக்காகக் கேத்தோடு (வால்வின் இன்னொரு முனை) கெப்பாசிட்டரை ரிலேயால் சேர்க்கிற ஆம்ப் என்றால் கதை கொஞ்சம் வேறு. கேத்தோடில் ஒன்றரை வோல்ட் நிற்கும், காலியான 22 மைக்ரோ ஃபாரட் திடீரென்று போய்ச் சேரும், கேத்தோடு ஒரு நொடி கீழே இழுபடும். அங்கே ரிலே முனைகளுக்குக் குறுக்கே 100 கிலோ ஓம் போடுங்கள். கெப்பாசிட்டர் எப்போதும் சார்ஜிலேயே இருக்கும்.

இவ்வளவு செய்தும் மாஸ்டர் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தால்கூடச் சத்தம் வருகிறதா? அப்போது காயில், எல்.ஈ.டி. கரண்ட் சிக்னல் கிரவுண்ட் வழியாகத் திரும்புகிறதா பாருங்கள். அதற்குத் தனி ஒயர் வேண்டும். ரிலே சப்ளையை வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டரிலிருந்து பிரிட்ஜ் (நாலு டயோடு) போட்டு எடுத்திருந்து, ஹீட்டரின் நடு முனை ஏற்கெனவே கிரவுண்டில் இருந்தால், அந்த சப்ளையின் மைனஸைச் சேசிஸில் (ஆம்பின் உலோகப் பெட்டி) சேர்க்காதீர்கள். ஃபுட் ஸ்விட்ச் ஜாக்கும் சேசிஸைத் தொடாத பிளாஸ்டிக் வகையாக இருக்க வேண்டும்.

உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஆஃப் செய்தாலும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் நிற்கும். ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். சத்தத்தைச் சோதிக்க ஸ்பீக்கரைக் கழற்றி ஓட்டாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஸ்டாண்ட்பையில் (ஹீட்டர் ஓடும், பெரிய வோல்டேஜ் வராது) போட்டு மிதித்தாலும் கேட்கிற சின்ன 'டிக்' ரிலே தகட்டின் சத்தம். அது ஸ்பீக்கரில் வருவதில்லை, விட்டுவிடலாம்.