கோத்தகிரிக்குப் போகலாமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

அப்பாவுக்கு 64 வயது. பெருங்குடல் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கோவையில் கீமோ ஓடுகிறது. முதல் நாள் ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப்ஸ், 14 நாள் கேப்சிடபைன் மாத்திரை, பிறகு 7 நாள் ஓய்வு. நான்கு சுற்று முடிந்துவிட்டது. டிசம்பரில் வரும் ஓய்வு வாரத்தில், கோத்தகிரியில் பூட்டிக் கிடக்கும் எங்கள் பழைய வீட்டுக்குப் போகவேண்டும் என்கிறார். டாக்டர், "போகலாம், பார்த்துப் போங்க" என்றார். எதைப் பார்க்கவேண்டும்?

ர., கோவை

அன்புள்ள ர.,

போகலாம், ஆனால் ஏழு நாளும் வேண்டாம். டிரிப்ஸ் ஏற்றியதை முதல் நாளாக வைத்து எண்ணுங்கள். 15-ஆம் நாள் கோவையில் சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கைப் பரிசோதனை) எடுங்கள். 16-இல் ஏறி 19-இல் இறங்கினால் அடுத்த சுற்றுக்கான ரத்தப் பரிசோதனைக்கு நாள் இருக்கும். ஊருக்குப் போவதற்காக அடுத்த டிரிப்ஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணுவைப் பார்த்து ஏமாறவேண்டாம். அதில் கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. மொத்தம் 3,000 இருந்து, நியூட்ரோஃபில் 30 சதவீதம் என்றால் 900தான். நியூட்ரோஃபில் ஆயிரத்துக்குக் கீழே என்றால் பயணம் இல்லை. 1,500-க்கு மேல் என்றால் கிளம்பலாம். இடையில் இருந்தால் டாக்டர் சொல்வதுதான். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போயிருந்தால், அந்த உயரத்தில் வாசல் படி ஏறவே மூச்சு வாங்கும்.

இந்த மருந்துக்கு கோத்தகிரியில் முதல் எதிரி குளிர்தான். ஆக்ஸாலிபிளாட்டின் ஏறியவருக்கு ஜில்லென்ற தாழ்ப்பாளைத் தொட்டால் விரல் ஷாக் அடித்தது போலச் சுரீரென்கும். குளிர்காற்றை இழுத்தால் தொண்டை அடைப்பது போலிருக்கும். உண்மையில் மூச்சுக்குழாய் அடைபடுவதில்லை, வெதுவெதுப்பான தண்ணீரை மெல்லக் குடித்தால் அடங்கும். முதல் சுற்றுகளில் சில நாளில் போய்விடும் இது, ஐந்தாவது சுற்றில் நீண்டுகொண்டே போகலாம். எனவே 15-ஆம் நாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டம்ளரை ஒரு நொடி தொடச் சொல்லிப் பாருங்கள். இன்னும் சுரீரென்றால் இந்த முறை பயணத்தை விட்டுவிடுங்கள். குளிர் படாமலேயே விரல் மரத்து, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால், பயணம் இருக்கட்டும், அடுத்த டிரிப்ஸுக்கு முன் அதை டாக்டரிடம் சொல்லியாகவேண்டும். டோஸைக் குறைப்பார், அல்லது அந்த மருந்தையே நிறுத்துவார்.

வீடு பூட்டிக் கிடந்தது என்கிறீர்கள். மலையில் அப்படியென்றால் மெத்தையிலும் கம்பளியிலும் பூஞ்சை இருக்கும். இரண்டு நாள் முன்பே யாரையாவது விட்டுத் திறந்து, வெயிலில் போட்டு உதறிவைக்கச் சொல்லுங்கள். அப்பா அந்த வேலையில் கைவைக்கக்கூடாது. ராத்திரி சட்டியில் கரி மூட்டி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் அறவே வேண்டாம். கார்பன் மோனாக்ஸைடு நல்ல உடம்புக்காரரையே தூக்கத்தில் கொன்றுவிடும். கம்பளியும், கையுறையும், மஃப்ளரும் போதும்.

காய்ச்சல்தான் அடுத்தது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் விடியட்டும் என்று இருக்கக்கூடாது. மருத்துவமனைக்குப் போன ஒரு மணி நேரத்துக்குள் ஊசி வழி ஆன்டிபயாடிக் ஏறவேண்டும். பாரசிட்டமால் கொடுத்துவிட்டு அளந்தால் காய்ச்சல் மறைந்துவிடும். முதலில் தெர்மாமீட்டர், பிறகு போன். கோவைக்கு இறங்க இரண்டு மணி நேரமாவது ஆகும், ராத்திரி மூடுபனியில் அதுவும் நடக்காது. ஆகவே புறப்படுமுன்பே டாக்டரிடம் மேலே எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது, ராத்திரியில் யாரை அழைப்பது என்று கேட்டு, மருந்துப் பெயர்களோடு ஒரே தாளில் எழுதிப் பையில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்து மண்சரிவு எச்சரிக்கை இருந்தால் போகவே வேண்டாம்.

மாத்திரையை நிறுத்திய பிறகும் சில நாள் பேதி வரலாம். வழக்கத்தைவிட நான்கு தடவைக்கு மேல் போனால் ஓஆர்எஸ்ஸோடு நிற்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். உள்ளங்கால் சிவந்து எரிந்தால் தேயிலைச் சரிவில் நடப்பது கூடாது, உராய்வில் தோல் உரியும். வழியில் இலையோடு கட்டி விற்கிற கேரட்டைப் பச்சையாகக் கடிக்கக்கூடாது, வேகவைத்துத் தின்னட்டும். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் நீலகிரியில் தடை, கொதிக்கவைத்த தண்ணீரை ஃபிளாஸ்கில் கொண்டுபோங்கள். கொண்டை ஊசி வளைவில் வருகிற குமட்டலுக்கு, கீமோவுக்குக் கொடுத்த வாந்தி மாத்திரை ஆன்டான்செட்ரான் அவ்வளவாகக் கேட்காது. வேறு மாத்திரை கேட்டு வாங்குங்கள். முன் சீட்டில் உட்காரவைத்து, நடுவழியில் ஒருமுறை இறக்கி நடக்கவிடுங்கள், காலில் ரத்தம் உறையாமல் இருக்க.

வண்டி நீலகிரிப் பதிவு இல்லையென்றால் மாவட்டத்துக்குள் நுழைய இ-பாஸ் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். குன்னூர் பாதையில் பர்லியாரில் கேட்பது போலவே கோத்தகிரிப் பாதையிலும் கேட்பார்கள்.