பெல்ட் பட்ட இடமெல்லாம் அரிப்பு

கேள்வி: எனக்கு 29 வயது. பிரசவமாகி எட்டு மாதம் ஆகிறது. வயிறு குறைய லேடெக்ஸ் வெயிஸ்ட் ட்ரெய்னர் (இடுப்பை இறுக்கும் ரப்பர் பெல்ட்) வாங்கி, தினமும் ஏழெட்டு மணி நேரம் போடுகிறேன். சுலபமாக ஏறுவதற்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வேன். இப்போது பெல்ட் பட்ட இடமெல்லாம் சிவந்து அரிக்கிறது. பெல்ட்டும் உள்ளே பிசுபிசுக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அதைக் கழற்றி வையுங்கள். தோல் முழுதாக ஆறும்வரை மறுபடி போட வேண்டாம்.

அப்புறம் கண்ணாடி முன் நின்று பாருங்கள். மடிப்புகளிலும் வியர்வை தேங்கும் இடங்களிலும் மட்டும் சிறு பொரிகள் இருந்தால் அது பெரும்பாலும் வேர்க்குரு. ரப்பருக்குள் காற்று போகாது, வியர்வை வெளியேறாது, தோல் ஊறிப்போகும். சிவப்பு வட்டமாகப் பரவி ஓரம் தடித்திருந்தால் படர்தாமரை. பெல்ட்டின் விளிம்பு முடியும் இடத்தில் கோடு கிழித்ததுபோல் சிவப்பும் முடிகிறதா? அப்படியென்றால் ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையுராம், கார்பமேட் போன்ற வேதிப்பொருள்கள் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகிப்பேன். இந்த அலர்ஜி உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். பேட்ச் டெஸ்டில் கண்டுபிடித்துவிடலாம். அந்த வேதிப்பொருள்களைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு நாள் விட்டு இன்னொரு முறையும் பார்ப்பார்கள்.

நான் அதிகம் பயப்படுவது நான்காவது ஒன்றுக்கு. ரப்பர் மரத்துப் பாலில் உள்ள புரதமே சிலருக்கு ஆகாது. போட்ட சில நிமிடங்களில் காணாக்கடிபோல் தடிக்கும், உதடு வீங்கும், மூச்சு இரைக்கும். பலூன் ஊதினால் உங்களுக்கு உதடு அரிக்கிறதா? வாழைப்பழம், அவகாடோ, கிவி சாப்பிட்டால் வாய்க்குள் நமைச்சல் வருகிறதா? அந்தப் பழங்களிலும் இதே மாதிரிப் புரதம் உண்டு. ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் அலர்ஜிக்கான ரத்தப் பரிசோதனை அவசியம். பல் மருத்துவரிடமோ அடுத்த பிரசவத்துக்கோ போகும்போது, அவர்கள் கையுறை போடும் முன்பே சொல்லிவிடுங்கள். லேடெக்ஸ் இல்லாத நைட்ரைல் கையுறை இருக்கிறது. மூச்சு இரைத்தால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருந்துக்கடையில் கேட்டு எந்த கிரீமும் வாங்கிப் பூசாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் படர்தாமரையை வளர்த்துவிடும்.

பிசுபிசுப்புக்குக் காரணம் எண்ணெய். எண்ணெயும் லோஷனும் ரப்பரை உப்ப வைத்து இளக்கிவிடும், அந்தப் பெல்ட் இனி உதவாது. அலர்ஜி இல்லை என்று உறுதியான பிறகும் லேடெக்ஸ் உடைதான் வேண்டுமென்றால், உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் கழற்றிவிடுங்கள். போட்ட ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயிலும் இஸ்திரியும் ஆகாது. செம்பு, பித்தளை பட்டால் கறை பிடிக்கும்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்கிறேன், இதனால் கொழுப்பு கரையாது. குறைவது வியர்வையாகப் போன தண்ணீர்தான், குடித்தால் திரும்பிவிடும். இறுக்கம் கூடினால் நெஞ்செரிச்சல் வரும், கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் இடுப்புத் தளத் தசைகளுக்கும் கூடுதல் அழுத்தம். தளர்ந்த வயிற்றுத் தசைக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சிதான் பலன் தரும்.

சரி, பழைய பெல்ட்டை இப்போதே தூக்கி எறிய வேண்டாம். ஒரு கவரில் போட்டு தோல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். தேவைப்பட்டால் அதிலிருந்தே ஒரு துண்டு வெட்டிச் சோதிப்பார்.