திகதியும் திதியும்

ஐயாவுக்கு வணக்கம்,

நான் ஒட்டுசுட்டான். கம்பஸில் இரண்டாம் வருடம். மூன்று கிழமைக்கு முதல் அம்மம்மா மோசம் போய்விட்டா. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காடாத்துக்கும் எட்டுக்கும் நான் நிற்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "அப்ப அம்மம்மா எங்க போயிருக்கிறா எண்டு நீ சொல்லு" என்று அம்மா கேட்டா. "எங்கையும் போகேல்ல, முடிஞ்சுது" என்றேன். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. நான் சொன்னது சரிதானே? சாவுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று நாத்திகர்கள் நம்புகிறார்கள்? செத்துப் பிழைத்தவர்கள் வெளிச்சம் கண்டதாகச் சொல்வதும், முற்பிறவி சொல்லும் பிள்ளைகளும் பொய்யா? நீங்களும் நாத்திகர்தான், ஆனால் செத்தவர் நினைவாக அச்சடிக்கிற கல்வெட்டுக்குப் பாட்டு எழுதிக் கொடுக்கிறீர்கள். அது போலித்தனம் இல்லையா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

தம்பிக்கு,

முதலில் ஏச்சு. தாயை எரித்துவிட்டு வந்த மனுசி "எங்க போயிருக்கிறா" என்று கேட்டால், அதற்குப் போய் விடை சொல்கிற ஆளை இப்போதுதான் காண்கிறேன். ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருக்க வேண்டிய நேரத்தில் பட்டிமன்றம் நடத்தியிருக்கிறீர். நீர் சொன்னது சரிதான். சொன்ன நேரம்தான் விசர் நேரம்.

செத்துப் பிழைத்தவர் சாகவில்லை, அதனால்தான் பிழைத்தார். முற்பிறவிப் பிள்ளைகளுக்கு எனக்கு நேரமில்லை. அதுகளை விடும்.

நாத்திகர் என்ன நம்புகிறார்கள் என்று கேட்டீர். நாத்திகருக்கு மடமும் இல்லை, சந்நிதானமும் இல்லை, எல்லோருக்கும் சேர்த்து ஒருவர் சொல்ல. கடவுள் இல்லை என்பது வேறு, மறுமை இல்லை என்பது வேறு. சமணரும் பௌத்தரும் படைத்தவன் என்று ஒருவனை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் மறுபிறப்பைக் கைவிடவில்லை. வேதச் சடங்கையே பெரிதென்ற மீமாம்சகர் உலகுக்குப் படைத்தவன் தேவையில்லை என்று வாதாடிக்கொண்டே சுவர்க்கத்துக்கு வேள்வி செய்தார்கள். என்னைப் போன்றவர்களுக்கு உடம்போடு சரி. நாம் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வந்தபிறகு நாம் இல்லை என்று கிரேக்கத்து எபிகூரஸ் சொன்னார். அதைவிட எனக்குப் பிடித்தது மணிமேகலையில் வருகிற பூதவாதி. ஆத்திப்பூவும் வெல்லக்கட்டியும் போட்டு ஊறவைத்தால் கள்ளில் வெறி பிறக்கிற மாதிரி, மண், நீர் போன்ற பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும், அவை பிரிந்தால் பறையோசை அடங்குவது போல அடங்கிவிடும் என்பான் அவன். அதைக் கேட்டு மணிமேகலை சிரிக்கிறாள், மடக்கியும் விடுகிறாள், அது கிடக்கட்டும். செத்தவீட்டில் பறை கேட்டு வளர்ந்தவனுக்கு அந்த உவமை விளங்கும். கடைசி அடிக்குப் பிறகு பறை எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. (அந்தப் பறையை யாரை அடிக்க வைத்தோம் என்பது இன்னொரு கடிதத்துக்கு.) யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் படிப்பித்த பகுத்தறிவாளர் கோவூர் 1978இல் செத்தபோது கண்ணைக் கண் வங்கிக்கும் உடம்பை மருத்துவப் பீடத்துக்கும் எழுதி வைத்திருந்தார். எலும்புக்கூடும் பள்ளிக்கூடத்துக்கு என்று எழுதியிருந்தார். நாத்திகரின் கருமாதி என்று ஒன்று இருந்தால் அது அதுதான். உமக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

இதைப் பகிரங்கமாக எழுதுவது கல்வெட்டு என்ற அந்தச் சொல்லுக்காக. உமது கடிதம் வந்த அன்று பின்னேரம்தான் ஒரு கல்வெட்டின் புரூவ் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தியேட்டிக்குக் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தில் படம், வம்சம், பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எல்லாம் இருக்கும். மருமக்கள் புலம்பலில் முக்கால்வாசி பொய். "சிவபதம் அடைந்தார்" என்று நானும் எழுதுகிறேன். அது அந்த வீட்டுக்காரர் சொல்கிற வசனம், என் கை எழுதுகிறது, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன் "நான் நலம்" என்று எழுதினால் அது அவனுடைய நலமா? ஆனால் முதல் பக்கத்தில் ஒரு வெண்பா வரும், திதி வெண்பா. இன்ன வருடம், இன்ன மாதம், வளர்பிறையோ தேய்பிறையோ, இன்ன திதியில் இன்னார் போனார். அதற்கு மட்டும் நான் கூலி வாங்குவதில்லை. ஏனென்று சொல்கிறேன்.

2009 பங்குனிக் கடைசி. சண்டைக்குள், முல்லைத்தீவு மாத்தளன் கரையில் பங்கருக்குள் இருந்தோம். பங்கர் என்றால் மணலில் ஒரு கிடங்கு, மேலே தறப்பாள், சுற்றிவரச் சேலையில் தைத்த மண்மூட்டை. மணலை அணைக்க வேறு துணி இல்லை. அம்மாவின் கூறைச்சேலையும் நாலு மூட்டையாகிப்போயிருந்தது. அவவே தைத்தா, ஒரு சொல் சொல்லவில்லை. செல்லாலும் சன்னத்தாலும் அவ சாகவில்லை, வயிற்றோட்டம், மருந்து இல்லை. ஒரு விடியப்புறம் முடிந்தது. மூடுவதற்கு ஒன்றுமில்லாமல் நான் ஒரு மூட்டையைப் பிரித்து மணலைக் கொட்டினேன். சிவப்பில் பொன்சரிகைக் கரை, ஈரமண் ஒட்டிக் கனத்துக் கிடந்தது. அதை உதறக்கூட இல்லை. பறை இல்லை, மற்றச் சத்தத்துக்குக் குறைவில்லை.

அன்று என்ன நாள் என்று எனக்குத் தெரியாது. ரேடியோவுக்கு பற்றறி முடிந்து எத்தனையோ நாள். பக்கத்துப் பங்கரில் ஒரு ஆச்சி இருந்தா, வெள்ளிக்கு வெள்ளி விரதம் பிடிப்பா. எல்லோருமே பட்டினி கிடக்கிற இடத்தில் விரதம்! எனக்கு அப்போது சிரிப்பும் ஆத்திரமும் வந்தது. வெள்ளிக்கிழமை வருகிற அரைச் சிரட்டைக் கஞ்சியைப் பேரனுக்குத் தள்ளிவிட்டு இருப்பா. ஒரு வெள்ளி தவறவிடவில்லை. அந்தக் கரையில் எங்களுக்கு இருந்த ஒரே கலண்டர் அவதான். அம்மா போனது ஆச்சியின் விரதம் கழிந்து ஞாயிறு விடியப்புறம். நந்திக்கடல் பக்கம் ஓரம் தேய்ந்த நிலா நின்றதும் எனக்கு நினைவிருந்தது.

பிறகு செட்டிகுளம் முகாமில் ஒருவரிடம் பஞ்சாங்கம் இருந்தது. கடவுளைப் பதினெட்டு வயதில் கைவிட்ட நான், அதை இரவல் வாங்க அவர் கூடாரத்துக்கு மூன்று தரம் நடந்தேன். பறுவம், அதாவது முழுநிலா, வியாழன், ஏப்ரல் 9. அப்போ ஞாயிறு 12. சர்வதாரி வருடம், பங்குனி மாதம், அபரபக்கத் திருதியை, தேய்பிறையின் மூன்றாம் திதி. பதிவுத் துண்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். அதை எழுதினபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நம்பிக்கை திரும்பி வந்துவிட்டது என்று நினைக்காதேயும். அம்மா எங்கேயும் இல்லை. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையில் 12 பாகைக்கு ஒன்று, சிவனிடம் கேட்க வேண்டியதில்லை, கணக்கிட்டுப் பார்க்கலாம். முழுக் கல்வெட்டிலும் ஒரு நாத்திகன் கூசாமல் கையெழுத்துப் போடக்கூடிய ஒரே பாட்டு அதுதான், அதைப்போய் போலித்தனம் என்கிறீர்.

இரண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இருக்கிறா. 2009 வைகாசியில் சண்டை முடிகிற நேரம் மகனோடு வட்டுவாகல் பாலம் கடந்து ஆமியிடம் வந்தவ. வரிசையில் நின்ற மகனைப் பெயர் கேட்டுக் கூட்டிப்போனார்கள். 2017 மாசியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டக் கொட்டில் போட்ட நாளிலிருந்து படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறா. மரணச் சான்றிதழ் வேண்டாதவர்களுக்கு, ஆளைக் காணவில்லை என்று ஒரு சான்றிதழ் கொடுக்கலாம் என்று 2016இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அவ இரண்டும் வாங்கவில்லை. நல்ல பக்தி, வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் ஒன்று விடமாட்டா. மகனுக்கு மட்டும் ஒரு விளக்கு வைக்க விடமாட்டா, செத்தவனுக்குத்தானே விளக்கு என்பா. அன்று பின்னேரம் நான் புரூவ் பார்க்கும்போது வந்து எட்டிப் பார்த்தா. யாரோ எண்பது வயதுக் கிழவியின் கல்வெட்டு. வெண்பாவை எழுத்துக்கூட்டி வாசித்து, "தசமி" என்ற சொல்லில் விரலை வைத்தா. "குடுத்து வைச்ச மனுசி" என்றா.

நீர் எனக்கு எழுதின கடிதத்தில் அம்மம்மா செத்த திகதிகூட இல்லை. மூன்று கிழமைக்கு முதல் என்று எழுதியிருக்கிறீர். அந்தியேட்டிக்கு இன்னும் பத்து நாள் இருக்கும், அச்சகத்துக்கு நாலு நாள் போதும். திகதியையும் நேரத்தையும் அம்மாவிடம் கேட்டு அனுப்பும். விடியமுதலோ விடிந்தபிறகோ என்பது முக்கியம், திதி மாறிவிடலாம். அவதான் பக்கத்தில் இருந்திருப்பா, அவவுக்குத் தெரியும்.