தோழிக்கு 190, மகளுக்கு 176

அம்மா,

மகள் பிளஸ் டூவில் 600-க்கு 521 எடுத்திருக்கிறாள், கூடப் படித்த தோழிகள் எல்லாரும் அவளைத் தாண்டிவிட்டார்கள், ஒருத்திக்கு கட்-ஆஃப் 190. ரிசல்ட் வந்ததிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டாலும் மாடியை விட்டு இறங்குவதில்லை, “எனக்கெல்லாம் நல்ல காலேஜ் கிடைக்காது, கவுன்சிலிங்கே வேண்டாம்” என்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். காரைக்குடி ஐந்து விளக்குப் பக்கம் பள்ளிக்கூடங்கள் வைத்திருக்கும் பிளெக்ஸைப் பார்த்து நீங்களும் கலங்கிப் போயிருப்பது தெரிகிறது.

இந்தத் தாழ்வு மனப்பான்மை மனசுக்குள்ளேயே இருந்தால் நாளடைவில் ஆறிவிடும். மே, ஜூன் மாதங்களில் அது விண்ணப்பத்துக்குள்ளும் சாய்ஸ் பட்டியலுக்குள்ளும் புகுந்துவிடுகிறது. அங்கே நடக்கும் சேதம் நாலு வருஷம் கூடவே வரும். அதனால் ஆறுதலுக்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பொறியியல் கலந்தாய்வுக்கு 521-ம் தேவையில்லை, 600-ம் தேவையில்லை. கணிதம் முழுசாக 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக மொத்தம் 200. இதுதான் கட்-ஆஃப். உங்கள் மகள் கணிதத்தில் 91, இயற்பியலில் 86, வேதியியலில் 84. அதாவது 91 + 43 + 42 = 176. இப்போது 548 எடுத்த ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்: தமிழ் 95, ஆங்கிலம் 93, கணினி அறிவியல் 97, கணிதம் 85, இயற்பியல் 88, வேதியியல் 90. அந்தப் பிள்ளையின் கட்-ஆஃப் 85 + 44 + 45 = 174. மொத்த மார்க்கில் 27 கூட, கட்-ஆஃபில் 2 குறைவு. தெருவில் பேசப்படும் மார்க் வேறு, சீட்டைத் தீர்மானிக்கும் மார்க் வேறு. மகளிடம் இந்தக் கணக்கை ஒரு தாளில் அவள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

அடுத்தது, 190 எடுத்த தோழி. அவள் உண்மையிலேயே முன்னால்தான் நிற்கிறாள், அதை மறைக்க வேண்டாம். ஆனால் பல பள்ளிகளில் பதினோராம் வகுப்பிலேயே மார்க்கை வைத்து ‘ஏ’ செக்‌ஷன் பிரித்துவிடுகிறார்கள். நன்றாகப் படிக்கிற நாற்பது பேரைப் பொறுக்கி ஒரே அறையில் உட்கார வைத்தால் அதிலும் ஒருவர் முப்பத்தைந்தாவதாகத்தான் வந்தாக வேண்டும். இரண்டு வருஷம் வாராவாரம் டெஸ்டில் அந்த முப்பத்தைந்தாவது இடத்தையே பார்த்த பிள்ளைக்கு, மாநிலம் முழுவதும் தான் எங்கே நிற்கிறோம் என்ற கணிப்பே அழிந்துபோகிறது. அண்மை ஆண்டுகளில் பொறியியல் தரவரிசைப் பட்டியலில் சுமார் 2 லட்சம் பேர் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் 176-க்குக் கீழேதான். அவளுடைய வகுப்பறையில் அவர்கள் யாரும் இல்லாததால் அது அவளுக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, கட்-ஆஃப் எண்ணை வைத்தே நம்பிக்கையும் இழக்க வேண்டாம், நிம்மதியும் அடைய வேண்டாம். வினாத்தாள் எளிதாக இருந்த வருஷம் எல்லாருடைய கட்-ஆஃபும் ஏறும், கடினமாக இருந்தால் இறங்கும். “போன வருஷம் 176-க்கு இந்தக் காலேஜ் கிடைத்ததாமே” என்ற பேச்சு அதனால்தான் ஏமாற்றுகிறது. ஒப்பிட வேண்டியது ரேங்கை. தரவரிசைப் பட்டியல் வந்ததும் அவளுக்குப் பொது ரேங்க் ஒன்றும், சமூகப் பிரிவுக்குள் ரேங்க் ஒன்றும் கிடைக்கும். இரண்டையும் குறித்து வையுங்கள். இடங்களில் 31 சதவீதம் பொதுப் பிரிவு, அதில் எல்லாரும் போட்டியிடலாம். மீதி பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 என்று பிரியும். தோழியின் பிரிவு வேறாக இருந்தால் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் இருவருக்கும் போட்டியே கிடையாது.

இயற்பியலிலோ வேதியியலிலோ எதிர்பார்த்ததைவிட மிகவும் குறைந்திருக்கிறது என்று அவள் உறுதியாகச் சொன்னால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதைப் பார்த்த பிறகே மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். அதற்குத் தரும் நாட்கள் கொஞ்சம்தான். கணிதத்தில் ஒரு மார்க் என்றால் கட்-ஆஃபில் ஒன்று, மற்ற இரண்டிலும் அரை. நடு வரிசையில் அந்த அரைக்குள் நூற்றுக்கணக்கான பேர் நிற்பார்கள். ஒரே கட்-ஆஃப் உள்ளவர்களில் யார் முன்னால் என்று பார்க்கும்போது முதலில் கணித மார்க்கைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அவளுடைய 91 அங்கே கைகொடுக்கும்.

இனி, தாழ்வு மனப்பான்மை எங்கெங்கே காசையும் வாய்ப்பையும் தின்கிறது என்று சொல்கிறோம்.

முதல் இடம் மேனேஜ்மென்ட் கோட்டா. “நம்ம பிள்ளைக்கு எப்படியும் கிடைக்காது” என்ற பயத்தில் ரேங்க் வருவதற்கு முன்பே, சில வீடுகளில் பரீட்சை முடிவதற்கு முன்பே, முன்பணம் கட்டிவிடுகிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிய பிறகு அதே காலேஜ், அதே கோர்ஸ் கலந்தாய்விலேயே கிடைக்கும் ரேங்க் வந்து நிற்கும். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. ஆனால் அது ஒற்றைச் சாளர முறையில் நடக்கும் இந்த அரசுக் கலந்தாய்வில் வாங்கும் சீட்டுக்கு மட்டும்தான். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும், அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்பதும் உண்டு. மேனேஜ்மென்ட் சீட்டில் இவை எதுவும் வராது. ஏஜென்ட் யாராவது “ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுங்கள், சீட்டைப் பிடித்து வைக்கிறோம்” என்றால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது திரும்பி வருவதற்குள் கலந்தாய்வுச் சுற்று முடிந்துவிடும். சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் இப்போதே பதிந்துவிடுங்கள். ஜூன் மாதம் தாலுகா ஆபீஸில் குவியும் விண்ணப்பங்களுக்கு நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது இடம் சாய்ஸ் பட்டியல். அதிக சேதம் நடப்பது இங்கேதான். தன்மேல் நம்பிக்கை போன பிள்ளைகள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. ஒரு சாரார் “கிண்டி இன்ஜினியரிங் காலேஜெல்லாம் நமக்கு எதுக்கு” என்று நல்ல கல்லூரிகளை எழுதாமலே விடுவார்கள், அல்லது நிச்சயமாகக் கிடைக்கும் என்று நினைக்கும் கல்லூரியை முதலில் போட்டுவிடுவார்கள். இன்னொரு சாரார் தோழியின் பட்டியலை அப்படியே காப்பி அடிப்பார்கள்: எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ், எல்லாம் பெரிய கல்லூரி, மொத்தமே பதினைந்து சாய்ஸ். 190-க்குப் பொருந்தும் பட்டியல் 176-க்குப் பொருந்தாது. அந்தச் சுற்றில் ஒரு சீட்டும் ஒதுக்கப்படாமல் போவது இப்படித்தான்.

ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இரண்டு தவறும் வராது. மகளுடைய ரேங்கின் முறை வரும்போது அவள் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்ப்பார்கள். முதல் சாய்ஸில் இடம் மிச்சமிருந்தால் அதுதான் அவளுக்கு. இல்லையென்றால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. கிடைக்காத கல்லூரியை மேலே எழுதியதற்காகக் கீழே உள்ள எதுவும் கைவிட்டுப் போகாது. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் ‘சேஃப்’ என்று ஒரு கல்லூரியை முதலில் போட்டால், அதில் இடமிருந்தவுடன் தேடல் அங்கேயே நின்றுவிடும். நாலாவதாக எழுதிய நல்ல கல்லூரியில் இடமிருந்தாலும் அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார்கள். ஆகவே வரிசை ஆசைப்படியே இருக்க வேண்டும். பயத்துக்கு அதில் வேலையில்லை.

செய்ய வேண்டியது இது. கடந்த மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பாடப்பிரிவிலும் உங்கள் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் விவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடு போட்ட நோட்டில் மூன்று பகுதி. அவளுடைய ரேங்கைவிட முன்னால் உள்ளவர்களுக்கே போன வருஷம் முடிந்துபோன கல்லூரிகள் இருபது. ரேங்கை ஒட்டி முடிந்தவை முப்பது. அதற்கு நன்றாகப் பின்னால் வரை போனவை இருபது. ஒவ்வொன்றிலும் அவளுக்குப் பிடித்த வரிசையில் அடுக்கி, ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கிடைத்தாலும் சேர மாட்டோம் என்று தோன்றும் கல்லூரியை எண்ணிக்கைக்காக எழுத வேண்டாம். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய உண்டு, கல்லூரிக் குறியீட்டு எண்ணை வைத்துச் சரிபாருங்கள். அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தையும் பாருங்கள். விளம்பரத்தில் நாக் (NAAC) தரம் போட்டிருக்கும், அது கல்லூரி முழுவதற்கும் தரும் மதிப்பீடு. அந்தக் குறிப்பிட்ட பாடப்பிரிவுக்குத் தனியாகத் தரும் என்பிஏ (NBA) அங்கீகாரம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. பிரவுசிங் சென்டரில் பதிந்தாலும் பாஸ்வேர்டையும் ஓடிபி-யையும் கைமாற விடாதீர்கள்.

பட்டியல் போடும்போது நம்மூர்ப் பிள்ளைகள் ஒன்றைத் தவற விடுகிறார்கள். பக்கத்திலேயே இருப்பதால் காரைக்குடிக் கல்லூரிகள் அவர்களுக்கு மட்டமாகத் தெரிகின்றன. தோழிகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போகும்போது காலேஜ் ரோட்டிலேயே படிப்பது தோற்றுப்போனது போலப் படுகிறது. 1952-ல் தொடங்கிய அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரி அரசுக் கல்லூரி, கட்டணம் தனியார் கல்லூரியோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வள்ளல் அழகப்பர் கொடுத்த 300 ஏக்கரிலும் 15 லட்ச ரூபாயிலும் எழுந்து 1953-ல் திறக்கப்பட்டது. அங்கே நடக்கும் வேதி மற்றும் மின்வேதிப் பொறியியல் பி.டெக் படிப்புக்கும் இதே கலந்தாய்வில் இடம் உண்டு. பேட்டரி, அரிமானத் தடுப்பு, மின்முலாம் என்று விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செய்யும் வளாகத்திலேயே பி.டெக் படிக்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மகளுக்கு வேதியியல் பிடிக்கும் என்றால் இதை மேலேயே எழுதட்டும். பிடிக்காவிட்டால் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் எழுத வேண்டாம்.

கலை அறிவியல் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள். அரசுக் கல்லூரிகளில் அறிவியல் பாடங்களுக்குத் தமிழ், ஆங்கிலம் நீங்கலாக நாலு பாட மார்க்கை 400-க்குப் பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு 353 வரும். நல்ல மார்க் அது.

உறவினர் விஷயம். கல்யாண வீட்டிலும் முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டிலும் “பிள்ளை எத்தனை மார்க்கு?” என்ற கேள்வி வராமல் இருக்காது. கேட்பவர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. “கவுன்சிலிங் முடிஞ்சதும் நாங்களே சொல்றோம் அத்தை” என்று நீங்கள் முந்திக்கொண்டு சொல்லுங்கள், பிள்ளையைப் பதில் சொல்ல விடாதீர்கள். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் என்ன படித்தான் என்ற பேச்சு வீட்டுக்குள் இந்த இரண்டு மாதம் வேண்டாம். மார்க் பகிரும் வாட்ஸ்அப் குழுக்களை அவளே மியூட் செய்யட்டும். ஆனால் அந்தத் தோழியோடு பேச்சை வெட்டச் சொல்லாதீர்கள். கலந்தாய்வில் தேதி, சுற்று விவரம் எல்லாம் தெரிந்துகொள்ள ஒரு துணை வேண்டும், தோழியும் உள்ளுக்குள் எதற்கோ பயந்துகொண்டுதான் இருப்பாள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேச்சில்லை என்றால், அல்லது “நான் இருந்து என்ன பிரயோசனம்” என்கிற மாதிரி ஒரே ஒரு தடவை சொன்னாலும், அதைக் கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள். அரசு உதவி எண்களான 104-க்கோ 14416-க்கோ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். அப்போது அவளைத் தனியே விடாமல் கூடவே இருங்கள், விண்ணப்பத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, ஒதுக்கீட்டு நாள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதி செய்யப் பெரும்பாலும் இரண்டே நாள்தான் தருவார்கள். கிடைத்தது போதும் என்றால் ஏற்றுக்கொண்டு சேர்வது. பிடித்திருக்கிறது, ஆனால் மேலே எழுதிய ஏதாவது காலியானால் வேண்டும் என்றால் ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருப்பது. மேலே கிடைத்தால் மாறும், கிடைக்காவிட்டால் கையில் உள்ளது அப்படியே இருக்கும். பட்டியலைச் சரியாக அடுக்கியிருந்தால் பெரும்பாலானோருக்கு இந்த இரண்டாவதுதான் பொருந்தும். ஏற்காமல் காத்திருக்கும் வழிகளும் உண்டு, அதில் கையில் இருப்பது போய்விடும். தோழிக்குப் பெரிய கல்லூரி கிடைத்த செய்தி வந்த அதே மாலையில் கோபத்தில் ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிடும் பிள்ளைகள் உண்டு. ஆகவே அந்த இரண்டு நாளும் நீங்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ராத்திரி தூங்கி எழுந்த பிறகு காலையில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.