வட அமெரிக்கப் பேரேரிகளில் ஓடும் சரக்குக் கப்பல்கள் எப்படி 50, 60 ஆண்டுகள் உழைக்கின்றன?

முதல் காரணம் தண்ணீர்தான். கடல் கப்பலை உப்பு அரித்துவிடும். 25, 30 ஆண்டுகளில் பெரும்பாலும் உடைக்கப் போய்விடும். பேரேரிகளில் இருப்பது நன்னீர். அதனால் இரும்பு நின்று உழைக்கிறது. 1906-இல் நீரில் இறக்கிய செயின்ட் மேரீஸ் சேலஞ்சர் 2013 வரை தன் சொந்த எஞ்சினிலேயே ஓடியது! அப்போதும் அதை உடைக்கவில்லை. எஞ்சினை எடுத்துவிட்டு, இழுவைப் படகு தள்ளிச் செல்லும் மிதவையாக மாற்றினார்கள்.

அப்புறம், குளிர்கால ஓய்வு. பேரேரிகளில் ஒன்றான சுப்பீரியர் ஏரியிலிருந்து வெளியே வர, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பலைக் கடத்திவிடும் சூ லாக்ஸ் என்ற நீர்ப்பூட்டு வழியாகத்தான் இறங்க வேண்டும். அதை வழக்கமாக ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை மூடிவிடுவார்கள். கப்பல்கள் துறைமுகங்களில் கட்டிக் கிடக்கும் அந்த வாரங்களில்தான் எஞ்சின், தகடு, கன்வேயர் எல்லாவற்றையும் பழுது பார்க்கிறார்கள்.

மீதி ஒன்பதரை மாதமும் ஓட்டம்தான். சுப்பீரியர் ஏரிக்கரைத் துறைமுகமான டுலூத்தில் இரும்புத்தாது உருண்டைகளை ஏற்றி, கேரி, கிளீவ்லாந்து பக்கமுள்ள எஃகு ஆலைகளுக்குக் கொண்டுபோவார்கள். இறக்கக் கரையில் கிரேன் வேண்டாம். கப்பலின் அடியில் ஓடும் கன்வேயர் பெல்ட்டே சரக்கை மேலே கொண்டுவந்து, நீண்ட கை வழியாகக் கரையில் கொட்டிவிடும்.

எனக்கு வியப்பே மாலுமிகளின் கைத்திறமைதான். மிகப் பெரிய கப்பல்கள் 1,000 அடிக்கு மேல் நீளம், 105 அடி அகலம். சூ லாக்ஸில் அவை நுழையக்கூடிய போ லாக் என்ற பூட்டின் அகலம் 110 அடி. பக்கத்துக்கு இரண்டரை அடிதான் இடைவெளி. காற்றடிக்கும் நவம்பரிலும் அதற்குள் நிதானமாக நுழைத்துவிடுகிறார்கள்.